செயலாளரின் ஆண்டறிக்கை: இப்ஸ்விச் தேவாலய உலா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வாண்டின் வரலாற்று உலாவைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நாம் சென்று பார்த்தது இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரின் ஃபிரையர்ஸ் தெருவில், அரசுத் திருச்சபையோடு இணங்காத புரோட்டஸ்டண்ட் கிறித்தவர்களான பிரஸ்பிட்டேரியன் சபையார் கட்டிய பழைய தேவாலயம். 1662-ஆம் ஆண்டின் சீர்மைச் சட்டம், அரசு வகுத்த வழிபாட்டு நூலை முழுமையாக ஏற்காத போதகர்களைப் பதவியிலிருந்து நீக்கியது. 1664-இல் வந்த சட்டமோ, வீட்டாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் கூடி வேறு முறையில் வழிபடுவதையே குற்றமாக்கிற்று. 1689-இன் சகிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் இவர்கள் அஞ்சாமல் கூட முடிந்தது. அதற்கும் பத்தாண்டுகள் கழித்தே இப்ஸ்விச் சபையார் கட்டடப் பணியைத் தொடங்கி, 1700 ஏப்ரலில் ஆலயத்தைத் திறந்தனர்.

மரச்சட்டம் கட்டிச் சாந்து பூசிய வெளிச்சுவரைப் பார்த்தால், வசதியான ஒரு குடும்பத்தின் வீடு என்றே தோன்றும். கதவில், வெளியே நிற்பவரை உள்ளிருந்து பார்ப்பதற்கென்று ஒரு சிறு துளை விட்டிருக்கிறார்கள். சட்டம் அனுமதித்த பின்னரும் அந்தத் துளை அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது என்பதை எண்ணியபோது மனம் கனத்தது. அன்று நான் அதிக நேரம் நின்றதும் அங்கேதான். உள்ளே பிரசங்க பீடத்தின் மரச்செதுக்கு வேலைப்பாடு கண்ணைப் பறிக்கிறது. தாமும் பிரஸ்பிட்டேரியன் குடும்பத்தில் வளர்ந்த, ‘ராபின்சன் குரூசோ’ நாவலின் ஆசிரியர் டேனியல் டீஃபோ, இதன் உட்புறத்துக்கு நிகராக லண்டனிலும் தாம் கண்டதில்லை என்று எழுதியிருப்பது மிகையன்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரஸ்பிட்டேரியன் சபைகள் பல, தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் கொள்கைக்கு மெல்ல நகர்ந்தன. இப்ஸ்விச் சபையும் அவற்றுள் ஒன்று. அக்கொள்கைக்கு 1813 வரை சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை. பழைய ஆலயங்கள் யாருக்கு உரியவை என்ற வழக்குகள் மூண்டபோது, மூலப் பத்திரம் குறிப்பிட்ட கொள்கை எதையும் வலியுறுத்தாவிடில் 25 ஆண்டுக்கால வழிபாட்டு வழக்கமே உரிமைக்குப் போதும் என்று 1844-ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்துவைத்தது. இச்சட்டம் வந்திராவிட்டால், இத்தகைய ஆலயங்கள் பலவற்றை அவற்றில் தலைமுறைகளாக வழிபட்டவர்களே இழந்திருப்பார்கள்.

ஆலயத்தின் அருகே 1975-இல் எழுந்த வில்லிஸ் அலுவலகக் கட்டடத்தின் வளைந்த கருங்கண்ணாடியில் நகரத்தின் பழைய கட்டடங்கள் துண்டு துண்டாகத் தெரிகின்றன. அதை நம் உறுப்பினர்கள் ஆர்வத்தோடு படமெடுத்தனர்.

இந்த ஆலயத்தின் பராமரிப்புக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு சிறு நன்கொடை அளிக்கவும், உலாவின் குறிப்புகளைத் தமிழில் தொகுத்து நம் பிள்ளைகளுக்கு வழங்கவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. இவ்விரண்டுக்கும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.