கிளெய்மே இல்லை, பிரீமியம் ஏன் ஏறியது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புதுப்பிப்பு நோட்டீஸ் கைக்கு வந்ததும் எங்களிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. கிளெய்மே இல்லையே, பிரீமியம் ஏன் ஏறியது? இந்த வருஷம் கை கடிக்கிறது, எந்தப் பாலிசியை விடலாம்?

முதல் கேள்விக்கான காரணம் சில சமயம் வெகு தூரத்தில் இருக்கும். உங்கள் காப்பீட்டு நிறுவனமும் தன் பங்குக்கு வேறொரு நிறுவனத்திடம் காப்பீடு எடுக்கிறது. அதுதான் மறுகாப்பீடு. 1992-ல் ஆண்ட்ரூ சூறாவளி அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கியபோது சில காப்பீட்டு நிறுவனங்களே திவாலாயின. அப்புறம் மறுகாப்பீட்டின் விலை மற்ற நாடுகளிலும் எகிறியது. அந்தச் சுமை கடைசியில் உங்கள் பிரீமியத்தில்தான் வந்து இறங்கும். வட்டி விகிதமும் இதில் சேர்த்தி. நீங்கள் கட்டும் பிரீமியத்தை நிறுவனம் முதலீடு செய்கிறது. வட்டி நன்றாக வரும் காலத்தில் பிரீமியத்தைக் கொஞ்சம் தளர்த்த முடியும், வட்டி சரிந்தால் முடியாது.

இரண்டாவது கேள்வி வருமானத்தைச் சேர்ந்தது. வளரும் நாடுகள் 55-ஐ எடுத்துக்கொண்டு ஆய்வாளர் அவுட்ரெவில் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், வருமானம் 1 சதவீதம் கூடினால் சொத்துக் காப்பீடு, பொறுப்புக் காப்பீடு (நம்மால் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) ஆகியவற்றின் செலவு அதற்கும் மேலே கூடுவது தெரிந்தது. காசு வந்தால் வண்டி, இயந்திரம், சரக்கு எல்லாம் சேரும். கடனில் வாங்கினால் வங்கியே பாலிசி கேட்கும். வருமானம் இறங்கினால் முதலில் வெட்டுப்படுவது கட்டாயமில்லாத பாலிசிகள். சட்டம் கேட்கும் மூன்றாம் நபர் வாகனக் காப்பீட்டை மட்டும் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறோம்.

எங்களுக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. கையிருப்பு கூடக்கூட இழப்பைத் தாங்கும் துணிவும் கூடும், அப்போது அதே பொருளுக்குக் குறைவான காப்பீடே போதும் என்று பொருளியலாளர் யான் மோசின் 1968-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அதாவது வசதி இருப்பவர் சிறு சேதங்களைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு பிரீமியத்தைக் குறைக்கலாம். கை கடிக்கும்போது முழுப் பாலிசியையும் விடுபவர்தான் ஒரு தீ விபத்தில் எழுந்திருக்க முடியாமல் போவார். (பாலிசி விற்பவர்கள் வேறென்ன சொல்வார்கள் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது.)

விலைவாசியைப் பலர் கவனிப்பதே இல்லை. பல வருஷம் முன்பு எழுதிய காப்பீட்டுத் தொகையே அப்படியே தொடர்கிறது. கட்டுமானச் செலவோ ஏறிக்கொண்டே போகிறது. இன்றைய மதிப்பில் 60 சதவீதத்துக்குத்தான் காப்பீடு என்றால், பல சொத்துப் பாலிசிகளில் ஒரு பகுதி மட்டும் சேதமானாலும் அதே விகிதம்தான்: 20 ரூபாய்க்குச் சேதமானால் கிடைப்பது 12 ரூபாய். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கணக்குப் போடும் நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது. பிரீமியத்தை மிச்சம் பிடிக்கத் தொகையை மட்டும் குறைக்கச் சொல்பவர்களுக்கும் இதே கதிதான்.

ஆகவே புதுப்பிக்கும் முன், கட்டடத்தை இன்று திரும்பக் கட்டவும் இயந்திரத்தை இன்று புதிதாக வாங்கவும் எவ்வளவு செலவாகும் என்று ஒரு மதிப்பீடு வாங்கி வாருங்கள். எவ்வளவு சேதம் வரை உங்கள் கையிலிருந்து தாங்க முடியும் என்பதையும் வீட்டில் பேசிவிட்டு வாருங்கள். எதைக் குறைக்கலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் காப்பீட்டு முகவர் அலுவலகம்