பயத்தை உதறச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பனிச்சரிவில் ஒற்றைப் பலகையில் நின்று சறுக்கும் ஸ்னோபோர்ட் விளையாட்டின் கனடிய வீரர் மார்க் மக்மோரிஸ் பற்றிச் சென்ற வார விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். 2017 மார்ச்சில் விஸ்லர் மலைக்காட்டில் மரத்தில் மோதி, தாடையும் கையும் இடுப்பெலும்பும் முறிந்து, மண்ணீரல் கிழிந்து கிடந்தவர், பதினொரு மாதத்தில் பியோங்சாங் ஒலிம்பிக்கில் வெண்கலம் எடுத்தார். பெரிய காரியம்தான். ஆனால் "பயத்தை உதறினால் யாரும் முன்னேறலாம்" என்று முடித்திருந்தீர்களே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. பதினான்கு வயதுப் பெடியன் உள்ள வீட்டில் அந்த ஒரு வரிதான் மனதில் நிற்கும்.

அவனுக்குத் துணையாக நாற்பத்துமூன்று வயதில் ஸ்னோபோர்ட் பழகினவள் நான். நடுத்தரக் கடினம் என்று நீலக்குறி போட்ட சரிவின் மேல் முதல் தரம் நின்றபோது கால் நடுங்கியது. பயந்தால் உடம்பு தானாகவே மலைப்பக்கம் சாயும். பாரம் பின்காலுக்குப் போனதும் பலகை திரும்பாது, வேகம்தான் கூடும். பள்ளத்தைப் பார்த்து முன்காலில் சாய் என்பார்கள். மனம் லேசில் விடுமா? பழக்க வந்த பிள்ளைக்கு இருபது வயதுதான் இருக்கும். "பயப்படாதே" என்று அவள் ஒரு தரமும் சொல்லவில்லை. சரிவு தணிகிற இடத்துக்குக் கூட்டிப்போய் அதே திருப்பத்தைப் பத்துத் தரம் செய்ய வைத்தாள். அடுத்த கிழமை அதற்குக் கொஞ்சம் மேலே. பயம் போகவில்லை, முழங்கால் மடங்கப் பழகிக்கொண்டது, அவ்வளவுதான்.

நான் விழுந்தது அங்கே இல்லை. சின்னப் பிள்ளைகள் இறங்குகிற, பச்சைக்குறி போட்ட சுலபமான சரிவில், பின்னேரம் நாலு மணிக்கு, "கடைசியாக ஒரு தரம்" என்று இறங்கி, மகனோடு கதைத்துக்கொண்டே வந்தேன். பலகையின் கால்விரல் பக்க விளிம்பு பனியில் கொத்தியது. கையை ஊன்றினேன். வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு கிழமை இடது கையால் சோறு. அன்று எனக்குத் துளியும் பயம் இருக்கவில்லை.

அமெரிக்க ஸ்னோபோர்ட் வீரர் கெவின் பியர்ஸ் பற்றியும் ஒரு நாள் எழுதுங்கள். வான்கூவர் ஒலிம்பிக்குக்கு ஆறு கிழமை முன்பு, 2009 டிசம்பர் 31 அன்று, பார்க் சிட்டியில் பயிற்சியின்போது தலை அடிபட்டது. தலைக்கவசம் போட்டிருந்தும் மூளையில் கடும் காயம். போட்டிகளுக்கு அவர் திரும்பவே இல்லை. மக்மோரிஸை விடத் துணிச்சல் குறைந்தவரா அவர்?

ஸ்னோபோர்ட்காரர்கள் "கடைசி" என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். "இன்னும் இரண்டு" என்பார்கள், ஒன்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மூடநம்பிக்கை என்று முன்பு சிரித்திருக்கிறேன். இப்போது மூன்றரைக்கே "இன்னும் இரண்டு" என்று நான் தொடங்கிவிடுகிறேன். ஒன்று முடிந்ததும் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பலகையைக் கழற்றுகிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஸ்கார்பரோ