நித்திரை மனவுறுதிக்குக் கட்டுப்பட்டதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையொன்று, நித்திரை என்பது களைத்த மூளை தன் வேலையை நிறுத்திவிட்டு இளைப்பாறும் நேரம் என்றும், மனவுறுதி உள்ளவர்கள் அதை வென்றுவிடலாம் என்றும் கூறியிருந்தது. முதலாவது கருத்து 1930களில் விஞ்ஞானிகள் பலரிடமே இருந்ததுதான். இரண்டாவது எந்தக் காலத்திலும் சரியாக இருந்ததில்லை. காலபோக நெல் முற்றும் வாரங்களில் பன்றிக்கும் யானைக்கும் பயந்து காவல் கொட்டிலில் இரவைக் கழிக்கும் கமக்காரன் விடியப்புறம் கண்ணயர்ந்து வயலைப் பறிகொடுத்தால், அவனைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு வன்னியில் ஆள் குறைவில்லை. அந்த ஏச்சுக்கு அறிவியல் பக்கமும் துணைபோகக் கூடாது என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் பரவிய ஒருவகை மூளையழற்சியால் இறந்தவர்களின் மூளைகளை வியன்னா மருத்துவர் கொன்ஸ்டன்ரின் வொன் எகொனொமோ ஆராய்ந்தார். ஓயாது உறங்கியவர்களிடம், மூளையின் அடிப்புறத்திலுள்ள ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதியின் பின்பகுதியும், உறக்கமே வராமல் தவித்தவர்களிடம் அதன் முன்பகுதியும் சிதைந்திருந்தன. நித்திரை வெறும் ஓய்வாக இருந்தால், மூளையின் ஒரு பகுதி கெட்டுப்போனதற்காக ஒருவர் நித்திரையை இழக்க வேண்டியதில்லை. ஆகவே நித்திரையை உண்டாக்குவதற்கென்றே அங்கு ஓர் இடம் இருந்தாக வேண்டும். விழிப்புக்கும் அவ்வாறே. 1949இல் மொருஸ்ஸி, மகூன் என்ற விஞ்ஞானிகள் இருவர், மயக்கத்தில் கிடந்த பூனைகளின் மூளைத்தண்டை மின்னால் தூண்டியபோது, அவற்றின் மூளை அலைகள் விழித்திருக்கும் பூனையின் அலைகளாக மாறின.

இந்த இரு தரப்பும் ஒன்றையொன்று அடக்கப் பார்க்கின்றன. ஹைப்போதலமசின் முன்பகுதியிலுள்ள சில நரம்புக் கலங்கள், ஹிஸ்டமின், நோர்அட்ரினலின் போன்ற இரசாயனப் பொருள்களைச் சுரந்து நம்மை விழிப்பில் வைத்திருக்கும் மையங்களை அணைக்கின்றன; அந்த மையங்கள் வலுத்திருக்கும்போது இவற்றை அணைக்கின்றன. (தடிமனுக்கு எடுக்கும் பழைய குளிசைகள் தூங்கவைப்பதும், மூளையில் ஹிஸ்டமினின் வேலையை அவை தடுப்பதால்தான்.) ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கிளிஃபோர்ட் சேப்பரும் சகாக்களும் 2001இல் இதை ஒரு மின் ஆளிக்கு ஒப்பிட்டார்கள்: ஒருபக்கம் விழும், அல்லது மறுபக்கம் விழும், நடுவில் நிற்காது. அது விழிப்பின் பக்கம் நிலையாக இருக்க ஒரெக்சின் என்ற பொருள் உதவுகிறது. 1998இல் கண்டறியப்பட்ட அப்பொருளைச் சுரக்கும் கலங்களை இழந்தவர்கள் பட்டப்பகலில், பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிப்போகிறார்கள். அவர்களுக்கு மனவுறுதியைப் போதித்து என்ன பயன்?

காவல் கொட்டிலில் இருப்பவனுக்கு எதிராக இரண்டு விடயங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய் நித்திரையின் பக்கத்தை வலுப்படுத்துகிறது. தேத்தண்ணீரிலுள்ள கஃபேன் அடினோசின் பற்றும் இடங்களை மறிக்குமேயன்றிச் சேர்ந்த அடினோசினை நீக்காது; பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணீர் கடனைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். மற்றது, கண்ணுக்கு வரும் ஒளியைக் கொண்டு நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் உடற்கடிகாரம். அதன் கணக்கில் விழிப்பு மிகவும் தாழ்ந்திருப்பது விடியலுக்கு முந்திய மணித்தியாலங்களில். பகல் முழுவதும் வயலில் நின்றவன் அந்த நேரத்தில் சாய்வது குணக்குறையல்ல.

வரம்பருகே நெற்பயிர் மடியும் சத்தம் கேட்டு அவன் திடுக்கிட்டு எழும்போது இன்னுமோர் ஆபத்து இருக்கிறது. கண் திறந்த பின்னரும் நிதானம் முழுமையாகத் திரும்பச் சில நிமிடங்கள், சிலவேளை அரைமணி நேரம்கூட, பிடிக்கும். யானை வெடியின் திரியைக் கொளுத்துவது பெரும்பாலும் அந்த நிமிடங்களில்தான். இதையும் மனவுறுதியால் கடக்கலாம் என்று எழுதுவது பொறுப்பான செயலல்ல.

2009இல் போர் முடிந்த பின்னும் சிறு சத்தத்துக்கே எழுந்து குந்திவிடும் பெரியவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். அச்சத்தை உணரும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியிலிருந்து விழிப்பு மையங்களுக்கு நரம்புத் தொடர்பு உண்டு என்பதால், பல மாதங்கள் செல் வீச்சுக்குள் வாழ்ந்தவர்களின் நித்திரை எளிதில் கலைவதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. "கண்டதையும் யோசியாதேங்கோ" என்று சொல்லி அனுப்பாமல் அவர்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

அறிவியல் பக்கத்தில் மேற்படி கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கமக்காரர் அமைப்புகளும் இரவுக் காவலுக்கு ஆளுக்குப் பாதி இரவு என்று முறை வகுத்து, முழு இரவும் விழித்தவரை மறுநாள் காலை உழவு இயந்திரம் ஓட்ட விடாமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுநிலை விஞ்ஞான ஆசிரியர்,
கிளிநொச்சி.