அமுக்குவது பேயல்ல, மாத்திரை குலைத்த தூக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்கள் கைது, இத்தனை அட்டை பறிமுதல் என்ற செய்தி தமிழ்நாட்டில் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. அந்த மாத்திரைகள் போய்ச் சேர்ந்த வீடுகளில் இரவில் என்ன நடக்கிறது என்பது செய்தியாவதில்லை. "ராத்திரி நெஞ்சு மேல ஏதோ ஏறி உக்காந்து அமுக்குது, கை கால அசைக்க முடியல, கத்துறேன், சத்தம் வரல" என்கிறான் பையன். பெற்றோர் கோடாங்கியிடம் போகிறார்கள், கயிறு மந்திரிக்கிறார்கள், தலைமாட்டில் இரும்பு வைக்கிறார்கள். சாமி கும்பிடுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அலைச்சலிலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன. மாத்திரை அதுபாட்டுக்குத் தொடர்கிறது.

ஊர் வழக்கில் அமுக்குவான் என்று சொல்லப்படும் இதற்கு மருத்துவத்தில் தூக்க முடக்கம் என்று பெயர். நாம் தூங்கி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முதல் கனவுத் தூக்கம் வரும். அதன் பிறகு இரவு முழுவதும் அது விட்டுவிட்டு வரும். விடியலை நெருங்க நெருங்க அதன் நீளம் கூடும். கனவில் ஓடுகிறவன் படுக்கையிலும் எழுந்து ஓடிவிடாமலிருக்க, அந்த நேரத்தில் மூளைத்தண்டு கை, கால், கழுத்துத் தசைகளுக்குப் போகும் கட்டளையை நிறுத்தி வைக்கிறது. கண் தசைகளுக்கும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இயக்கும் தசையான உதரவிதானத்துக்கும் மட்டும் விலக்கு உண்டு. சில சமயம் விழிப்பு முந்திக்கொள்கிறது, தசைக்கட்டு அவிழப் பிந்துகிறது. கண் திறந்திருக்கும், அறை தெரியும், உடம்பு மட்டும் அசையாது. கனவு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் கதவோரம் ஓர் உருவம் நிற்பதாகத் தெரியும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் ஓய்ந்து, மூச்சு உதரவிதானத்தால் மட்டும் நடக்கும்போது ஆழமாக இழுக்கப் பார்த்தால் முடியாது. நெஞ்சின் மேல் ஆள் உட்கார்ந்த உணர்வு அதனால்தான். சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் தானாகவே விட்டுப் போகும். அதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. எந்தப் போதையும் தொடாதவர்களிலும் நூற்றில் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருவதுதான். தூக்கம் கெட்டவர்களுக்கும், ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் கூடுதலாக வரும்.

அபின் வகை மருந்துகள் இதில் எங்கே நுழைகின்றன? மார்பின், ஹெராயின், போதைக்காக விற்கப்படும் வலி நிவாரண மாத்திரைகளான டிரமடால், டேபென்டடால் எல்லாம் மூளையில் ஒரே ஏற்பியை, அதாவது மருந்து ஒட்டிக்கொள்ளும் இடத்தை, பிடிப்பவை. இவை மயக்கம் தருமே தவிர நல்ல தூக்கம் தருவதில்லை. ஆழ்ந்த தூக்கத்தையும் கனவுத் தூக்கத்தையும் குறைத்து, மேலோட்டமான தூக்கத்தைக் கூட்டிவிடுகின்றன. எட்டு மணி நேரம் கிடந்து எழுந்தவன் தூங்காதவன் போல இருப்பது இதனால்தான். மாத்திரை நேராக அமுக்குவானைக் கொண்டுவருகிறது என்று நாங்கள் சொல்லவில்லை. தூக்கத்தின் அடுக்கைக் கலைத்து, அது வருவதற்கான வழியைத் திறந்துவிடுகிறது.

இன்று தமிழ்நாட்டுத் தெருக்களில் அதிகம் பிடிபடும் டேபென்டடாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அதன் அளவு சுமார் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரவு பத்து மணிக்குப் போட்டது இரண்டு மணிக்குப் பாதி, விடியற்காலை ஆறு மணிக்குக் கால் பங்கு. நாள்பட்டுப் பழகிய உடம்புக்கு இந்த இறக்கமே மருந்து கிடைக்காத நிலைதான். அடக்கி வைக்கப்பட்ட கனவுத் தூக்கம் விடியற்காலையில் மொத்தமாகத் தலைதூக்குகிறது. அதே நேரத்தில் மருந்து இறங்கியதால் வியர்வை, படபடப்பு, கால் குடைச்சல் வந்து ஆளை எழுப்புகின்றன. கனவு நடுவில் விழிப்பு. அமுக்குவான் வர இதைவிடத் தோதான நேரம் இல்லை. "மூணு மணி, நாலு மணிக்குத்தான் வருது, பேய் நடமாடுற நேரம்" என்று வீட்டில் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் நேரம் சரிதான். காரணம்தான் வேறு. அந்தப் பயத்தில் பையன் இன்னொரு மாத்திரை போடுகிறான், அரை மணியில் அடங்குகிறது. மாத்திரைதான் பேயை விரட்டியது என்று அவன் நம்பிவிடுகிறான். இந்த நம்பிக்கையை உடைப்பதுதான் சிகிச்சையில் பெரும் பாடு.

மாத்திரையை நிறுத்தும்போது நிலைமை முதலில் மோசமாகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குறைந்த நேரம் வேலை செய்யும் மருந்துகளில் கடைசி வேளையிலிருந்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கு ஒழுகுதல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் உடம்பு அடங்கும். தூக்கம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. மாதக்கணக்கில் அடக்கப்பட்ட கனவுத் தூக்கம் கடனை வசூலிப்பது போல வரும். செத்தவர்கள் வருவார்கள், துரத்துவார்கள், மாத்திரை போடுவது போலவே கனவு வந்து குற்ற உணர்வோடு எழுப்பும். வாரங்கள், சிலருக்கு மாதங்கள் நீடிக்கலாம், ஆனால் நாளாக நாளாகக் குறையும். இது முன்பே தெரிந்திருந்தால் பையனும் தாங்குவான், தாயும் பயப்பட மாட்டாள். தெரியாத வீட்டில் இந்தக் கனவுகளே அவனைத் திரும்ப மாத்திரைக்குத் தள்ளுகின்றன. அங்கேதான் உயிர் போகிறது. சில வாரம் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. அன்று சாதாரணமாகப் போட்ட அளவு இன்று மூச்சை நிறுத்தப் போதும்.

டிரமடாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது செரோடோனின், நார்அட்ரினலின் என்ற மூளை வேதிப்பொருள்கள் இரண்டையும் தொடுவதால், திடீரென நிறுத்தினால் சிலருக்குப் பீதி, இல்லாததைப் பார்ப்பது, குழப்பம் எல்லாம் விழித்திருக்கும்போதே வரும். அதிக அளவு எடுப்பவர்களுக்கு வலிப்பும் வரலாம். 2018 ஏப்ரலில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தக்கூடிய மருந்தல்ல அது. மருத்துவர் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கெட்ட கனவுக்குப் பயந்து அல்பிரசோலம், நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளைக் கடையில் வாங்கிச் சேர்த்துப் போடுவது நாங்கள் மிகவும் அஞ்சும் பழக்கம். அபின் வகை மருந்து மூச்சு மையத்தை மந்தமாக்குகிறது, தூக்க மாத்திரை அதன்மேல் இன்னொரு கல்லை வைக்கிறது. இந்த இரண்டையும் சேர்ப்பது குறித்து 2016-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இருவகை மருந்துகளின் உறைகளிலும் உச்சபட்ச எச்சரிக்கை அச்சிட உத்தரவிட்டது. சாராயம் சேர்ந்தாலும் இதே கதிதான்.

ஆகவே இரவில் ஒருவன் அசையாமல் கிடந்தால் அது அமுக்குவானா, மருந்து மிஞ்சியதா என்று பிரித்தறிய வீட்டாருக்குத் தெரிய வேண்டும். அமுக்குவான் வந்தவனின் கண்கள் பெரும்பாலும் திறந்திருக்கும், கருவிழி அசையும், மூச்சு ஒழுங்காகவோ சற்று வேகமாகவோ ஓடும். தோளைத் தொட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் சில நொடியில் விடுபடுவான். மருந்து மிஞ்சியவன் அப்படி இருக்க மாட்டான். குறட்டை இழுத்து இழுத்து வரும், நடுவில் நின்று போகும். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். மூச்சுக் குறைவால் நீலம் பாய்வது நம்முடைய நிறத்தில் தோலில் தெரியாது. உதட்டின் உள்பக்கத்தையும் நகக்கண்ணையும் பாருங்கள். வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். பத்துக்குக் கீழே போனாலோ, நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தும் முழிக்காவிட்டாலோ, உடனே 108. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே இல்லையென்றால் தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, ஐந்து நொடிக்கு ஒருமுறை வாயில் ஊதுங்கள். பால், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. மருத்துவமனையில், அபின் வகை மருந்தின் வேலையை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டதும் எழுந்து உட்காருவான். அத்தோடு கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்த ஊசியின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், உள்ளே போன மருந்து மறுபடி அமுக்கும்.

வெறும் அமுக்குவானுக்கு மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. வந்துவிட்டால் எழுந்து உட்காரப் போராட வேண்டாம். போராடினால் மூச்சுத் திணறும் உணர்வு கூடும். கால் பெருவிரலையோ சுண்டுவிரலையோ மட்டும் அசைக்க முயலுங்கள், கண்ணை இடமும் வலமும் ஓட்டுங்கள், மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். விடுபட்டதும் அப்படியே திரும்பிப் படுத்தால் அதே கனவுக்குள் மறுபடி போய்ச் சேரலாம். எழுந்து விளக்குப் போட்டு, முகம் கழுவி, ஐந்து நிமிடம் நடந்துவிட்டுப் படுங்கள். ஒருக்களித்துப் படுப்பதும், தினமும் ஒரே நேரத்தில் எழுவதும், பகல் தூக்கத்தை விடுவதும் பாதி வேலையைச் செய்யும். பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்து விழுவதும், சிரித்தாலோ கோபப்பட்டாலோ முழங்கால் தொய்வதும் சேர்ந்திருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

திரும்பத் திரும்ப வரும் ஒரே கெட்ட கனவுக்கு ஒரு பயிற்சி உண்டு. பகலில் அந்தக் கனவை நோட்டில் எழுத வேண்டும். பிறகு அதன் போக்கைத் தன் விருப்பம்போல் மாற்றி எழுத வேண்டும். துரத்துகிறவன் நின்று பேசுவதாகவோ, கதவு திறந்து தெருவுக்கு வந்துவிடுவதாகவோ, எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். மாற்றி எழுதியதை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்ட வேண்டும். சில வாரங்களில் பலருக்குக் கனவின் கடுமை குறைகிறது. இதற்குச் செலவே இல்லை என்பதால் இதைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்குத் தனி விருப்பம்.

மாத்திரைப் பழக்கத்துக்கான அடிப்படைச் சிகிச்சை புப்ரெனார்ஃபின். நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டிய மாத்திரை இது, விழுங்கினால் பலனில்லை. இதன் வேலை ஒரு நாளுக்கு மேல் நீடிப்பதால் விடியற்காலை இறக்கம் வராது, இரவுகள் அமைதியாகத் தொடங்குகின்றன. நிறுத்தல் அறிகுறிகள் தெளிவாகத் தொடங்கிய பிறகே முதல் வேளை தரப்பட வேண்டும். முந்தினால் அதுவே கடும் அவதியைக் கிளப்பிவிடும். அதனால்தான் மருத்துவர் கண்காணிப்பு கட்டாயம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேளுங்கள். ஊர் பேர் தெரியாமல் பேச விரும்புகிறவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-லோ, போதை மீட்புக்கான தேசிய எண்ணான 14446-லோ அழைக்கலாம்.

புற்றுநோய் வலிக்கு மார்பின் எடுப்பவர்கள் இதைப் படித்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கும் கெட்ட கனவு வரலாம். வேளையை மாற்றியோ வேறு மருந்துக்கு மாறியோ சரி செய்ய முடியும். வலியோடு கிடப்பது தேவையற்றது. மருந்து இதற்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2014-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே திருத்தப்பட்டது.

கடைசியாக, தனியார் மறுவாழ்வு மையங்கள் பற்றி. 2017 மனநலச் சட்டப்படி இவை மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருந்தால் மட்டும் போதாது. சேர்ந்த முதல் பத்து நாட்களில் இரவு இரண்டு மணிக்கு மேல் கத்துகிறவனை, அசையாமல் கிடக்கிறவனை யார் பார்க்கிறார்கள்? பல இடங்களில் பூட்டிய அறைக்கு வெளியே ஒரு காவலாளிதான். ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் பகலில் போகாமல் இரவில் போக வேண்டும். மூச்சை எண்ணத் தெரிந்த ஒருவர் விழித்திருக்கிறாரா, நலோக்சோன் ஊசி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, அதைப் போடத் தெரிந்தவர் யார் என்று கேட்க வேண்டும். பெற்றோரும் பணம் கட்டும் முன் இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் தர முடியாத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
போதை மீட்புச் சிகிச்சையில் பணியாற்றும் மனநல மருத்துவர்கள்,
மதுரை.