கண்ணைக் கசக்காதே, உமையா

சிவமயம்

கண்டனூர்

அன்புள்ள உமையாளுக்கு, உன்னைப் பெற்ற ஆத்தா எழுதுவது. இங்கு அப்பச்சி, அப்பத்தா, நான் எல்லோரும் நலம். தம்பி பரீட்சை முடிந்து வந்ததிலிருந்து தூங்கிக்கொண்டே இருக்கிறான்.

புதிதாகப் போடுகிற ஹார்டு லென்ஸைப் பற்றி நேற்று நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். வளவு முற்றத்தில் ஆள் இருந்தார்கள். அதுவும் போக, நாலு வார்த்தையில் முடிகிற பேச்சும் இல்லை. “போர்டு எழுத்தெல்லாம் தெரியுது ஆத்தா, ஆனா கண்ணைத் திறந்து வச்சிருக்க முடியல. எத்தனை நாள் பொறுக்கணும்?” என்றாய். இதில் பொறுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, பொறுக்கவே கூடாதது ஒன்று இருக்கிறது. ரெண்டையும் நீ ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வாயோ என்றுதான் எனக்குக் கவலை. நம் வீட்டுப் பெண்களுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது பெருமை. கண் விஷயத்தில் அந்தப் பெருமை வேண்டாம்.

பொறுக்க வேண்டியதை முதலில் சொல்கிறேன். உறுத்தல் கருவிழியிலிருந்து வருவதாகத்தான் தோன்றும். பெரும்பாலும் அது இமையின் வேலை. உன் கூட வேலை பார்க்கிற பெண் போடுகிறாளே சாஃப்ட் லென்ஸ், அது 14 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். ஓரம் இமைக்கு அடியில் போய் அடங்கிவிடும். கெரட்டோகோனஸ் என்ற கருவிழி நோய் உள்ள நமக்குக் கொடுப்பது ஹார்டு லென்ஸ், 9 மில்லிமீட்டர் சுமார், கருவிழிமேலேயே நிற்கும். கண் சிமிட்டும் போதெல்லாம் மேல் இமையின் உள்விளிம்பு அந்த ஓரத்தில் ஏறி இறங்குகிறது, லென்ஸும் சற்று நகர்கிறது. அது நகரத்தான் வேண்டும். அப்போதுதான் அடியில் இருக்கிற பழைய கண்ணீர் வெளியேறிப் புதுக் கண்ணீர் உள்ளே போகும். இமை இதற்குப் பழக, சிலருக்கு ரெண்டு வாரம், சிலருக்கு ஒரு மாதமும் ஆகும். எனக்குச் சீக்கிரம் பழகவில்லை. என்னைப் பெற்ற உன் ஐயாதான் பாவம், மதுரைக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தார்கள்.

இந்த நாட்களில் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. மோவாயைத் தூக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, மூக்கு நுனி வழியாக உலகத்தைப் பார்ப்பது. போனில் வீடியோ போட்டபோது நீயும் அப்படித்தான் இருந்தாய். அரைச் சிமிட்டல் சிமிட்டினால் லென்ஸ் காய்ந்து இன்னும் உறுத்தும். மெதுவாக, முழுசாக மூடித் திற. கண்ணீர் கொட்டினால் கொஞ்ச நேரம் கீழே பார்த்தபடி இரு, உறுத்தல் குறையும். ஆபீஸில் திரையைப் பார்க்கும்போது சிமிட்டவே மறந்துபோகும், ஏசி வேறு. டாக்டர் கொடுத்த சொட்டை மேஜை மேலேயே வைத்துக்கொள். சிவப்பு போக என்று மருந்துக்கடையில் கொடுக்கிற சொட்டு மட்டும் வேண்டாம்.

எத்தனை மணி நேரம் போடுவது என்று அவர்கள் எழுதிக் கொடுத்த தாளை மீறாதே, கூட்டவும் குறைக்கவும் செய்யாதே. முதலில் ரெண்டு மூன்று மணி நேரம், பிறகு நாளுக்கு ஒன்றோ ரெண்டோ கூட்டுவதுதான் வழக்கம். சனி ஞாயிறு லீவு விட்டுவிட்டுத் திங்கள் காலை எடுத்த எடுப்பில் எட்டு மணி நேரம் போடுகிறேன் என்று கிளம்பாதே, பழகினது கெட்டுப்போகும். ராத்திரி ஸ்கூட்டர் ஓட்டுவதை இப்போதைக்கு நிறுத்து. பகலில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போ. நம் லென்ஸுக்கும் தூசிக்கும் ஜென்மப் பகை. ஒரு துகள் அடியில் போனால் நடு ரோட்டில் கண் தன்னால் மூடிக்கொள்ளும்.

இத்தனை தொல்லைக்கு என்ன பலன் என்று உனக்குத் தோன்றும். கண்ணாடி போட்டால் போதாதா என்று அப்பச்சி கேட்டார்களாம். கருவிழி சாதாரணமாக அரை மில்லிமீட்டர் கனம். கெரட்டோகோனஸில் அது மெலிந்து, கூம்பாக முன்னால் தள்ளுகிறது. மேடும் சரிவும் ஒரு ஒழுங்கில் இல்லாததால் எந்தப் பவரில் கண்ணாடி போட்டாலும் பிம்பம் ஓரளவுக்கு மேல் சேராது. ஹார்டு லென்ஸ் வளைந்து கொடுக்காது. அதற்கும் கருவிழிக்கும் நடுவில் உள்ள இடத்தைக் கண்ணீர் நிரப்பிவிடுகிறது. நம் முகப்புச் சுவரைத் தடவிப் பார்த்திருக்கிறாய் அல்லவா? உள்ளே செங்கல் எப்படி இருந்தாலும், சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துத் தேய்த்த பூச்சு மேலே வழவழவென்று இருக்கும். ஏறக்குறைய அந்த வேலையைத்தான் கண்ணீர் செய்கிறது. லென்ஸ் போட்டபின் முதல் தடவை பிள்ளையார்பட்டிக்குப் போனபோது சன்னதி விளக்கில் ஒரே ஒரு சுடர் தெரிந்தது. அதுவரை ஐந்தாறு சுடர் சிதறித்தான் தெரியும், எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்றே நினைத்திருந்தேன்.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். லென்ஸ் பார்வையைத் தரும், அவ்வளவுதான். கூம்பை அமுக்கிச் சரிசெய்யாது, நோய் கூடாமல் நிறுத்தாது. நிறுத்துவதற்குத்தான் உனக்குப் போன வருஷம் சி3ஆர் செய்தது. ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டு அல்ட்ரா வயலெட் ஒளி காட்டினார்களே, அது. எனக்கு உன் வயதில் அது கிடையாது. ஜெர்மனியில் டிரெஸ்டன் ஊர் டாக்டர்கள் மனிதக் கண்ணில் செய்து பார்த்த முடிவை வெளியிட்டதே 2003இல்தான். அந்த வகையில் நீ கொடுத்து வைத்தவள். ஆனால் அது செய்தாகிவிட்டது என்று கண்ணைக் கசக்கினால் நான் சும்மா இருக்க மாட்டேன். லென்ஸைக் கழற்றியதும் கை தன்னால் கண்ணுக்குப் போகும், எனக்குத் தெரியும். கசக்கக் கசக்கக் கருவிழி நலியும். அரித்தால் சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, மூடின இமை மேல் வை. அலர்ஜிக்குத் தனியாக மருந்து கேள்.

போடுவதும் கழற்றுவதும் கைப்பழக்கம். நம் வீட்டில் ஆளுயரத்துக்குப் பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்து என்ன பயன், எனக்கு உதவியது ஒரு சின்னக் கைக்கண்ணாடிதான். அதை மேஜையில் படுக்க வைத்து, கீழே ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, குனிந்து பார்த்துக்கொண்டு போடு. விழுந்தால் துண்டில் விழும். வாஷ்பேசின் முன்னால் நின்றுதான் போடுவேன் என்றால் முதலில் ஓட்டையை அடை. எப்போதும் வலது கண்ணில் தொடங்கு, இடம் வலம் மாறாது. எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு தடவை வளவில் லென்ஸ் தெறித்து விழுந்துவிட்டது. ஆத்தங்குடிக் கல்லில் பூவும் கொடியுமாக இருக்கிற தரையில் அதை எங்கே என்று தேட? அப்பத்தா, “யாரும் காலை எடுக்கப்படாது” என்று ஒரு சத்தம் போட்டார்கள். சமையல்கார அக்கா முதல் கணக்குப்பிள்ளை வரைக்கும் நின்ற இடத்தில் நின்றார்கள். பிறகு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தோம், ஒரு மூலையில் மினுக்கியது. ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அப்பச்சிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அதன் விலை தெரியும்.

அன்றிலிருந்து மிளகாய் கிள்ளுகிற வேலையும் எனக்கு இல்லை என்று ஆனது. மிளகாய் தொட்ட கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும், ராத்திரி லென்ஸைக் கழற்றும்போது அது தன் வேலையைக் காட்டும். உனக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று இப்போது புரியாது, கல்யாணமாகட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் குளித்துத் தலை துவட்டிய பிறகு போட்டுக்கொள். மை இடுவதானால் லென்ஸ் போட்ட பிறகு, இமைக்கு வெளியே.

கழற்ற வரவில்லை என்றால் பதறாதே. கண்ணை அகலமாக விழித்து, வெளி ஓரத்தை இழுத்துப் பிடித்துச் சிமிட்டினால் கையில் விழும். அதற்கும் மசியாவிட்டால் ரப்பர் சக்கர் இருக்கிறது. ஆனால் லென்ஸ் எங்கே நிற்கிறது என்று கண்ணாடியில் பார்க்காமல் சக்கரை வைக்காதே, வெறும் விழியைப் பிடித்து இழுத்துவிடுவாய். வெள்ளை விழிக்கு நழுவினாலும் கண்ணுக்குப் பின்னால் போக வழியே கிடையாது, சவ்வு அங்கே மடிந்து அடைத்திருக்கிறது. ரெண்டு சொட்டு விட்டு, இமைக்கு மேலாக மெல்ல நகர்த்து.

தண்ணீர் மட்டும் படக்கூடாது. குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், நம் ஊருணித் தண்ணீர் எதுவும். குடிக்க எவ்வளவு ருசியான தண்ணீராக இருந்தாலும் அகாந்தமீபா என்ற கிருமி இருக்கலாம். அது கருவிழியில் ஏறினால் மாதக்கணக்கில் வைத்தியம், பார்வையே போவதும் உண்டு. லென்ஸ் டப்பாவையும் சொல்யூஷனால் கழுவிக் கவிழ்த்துக் காய வை. நேற்றைய சொல்யூஷன் மேலேயே இன்றைக்கும் ஊற்றாதே.

இனி, பொறுக்கக் கூடாதது. உறுத்தல் லென்ஸைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் போய்விடும். கழற்றிய பிறகும் வலி நிற்கிறது, கண் சிவந்தே இருக்கிறது, வெளிச்சம் குத்துகிறது, பார்வை திடீரென மங்குகிறது, பூளை தள்ளுகிறது என்றால் அது பழகுகிற விஷயம் இல்லை. கழற்றி வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போ. மீட்டிங், ரிலீஸ் என்று எனக்குக் கதை சொல்லாதே. லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டு போ.

நடுவில் இன்னொன்றும் இருக்கிறது. சிவப்பு இல்லை, வலி இல்லை, ஆனால் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்துகிறது. லென்ஸ் கூம்பின் உச்சியில் ஓயாமல் உரசினால் தழும்பு விழலாம். மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் எங்கே தொடுகிறது, எங்கே கண்ணீர் தேங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். வளைவை மாற்றித் தருவார்கள். “மறுபடி வந்துவிட்டாளே” என்று நினைப்பார்களோ என்று கூச்சப்படாதே. கெரட்டோகோனஸ் கண்ணுக்கு முதல் லென்ஸே கச்சிதமாக அமைந்துவிடாது, ரெண்டு மூன்று மாற்றுவது சகஜம். அடியில் ஒரு சாஃப்ட் லென்ஸ் போட்டு மேலே இதை வைப்பதும் உண்டு. உன் சித்தப்பா மகன் ஸ்க்ளீரல் போடச் சொன்னான் என்றாயே, அது நல்லதுதான். பெரிதாக இருக்கும், வெள்ளை விழியில் உட்காரும், உள்ளே சலைன் நிரப்பிப் போடுவது. தூசி போகாது, ஆரம்பத்தில் சுகம். செலவு கூட. போட்டுப் பழகுவதும் வேறு மாதிரி. பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அதை நினைத்து நீ வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். ஆனால் கேட்க வேண்டியது உன் டாக்டரிடம், அவனிடம் இல்லை.

தம்பிக்கும், கருவிழியின் மேடு பள்ளத்தைப் படம் பிடிக்கிற டோப்போகிராஃபி ஒன்று எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சில குடும்பங்களில் இது தொடர்ந்து வருகிறது, அவன் வயதுதான் கவனிக்க வேண்டிய வயது. அவனும் கண்ணைக் கசக்குகிற ஆள். முறுக்கிக்கொண்டு போகிறான், நீ ஒரு வார்த்தை சொல், கேட்பான்.

வரன் பார்க்கிற இடத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்று பெரியாத்தா இழுத்தார்கள். சொல்லத்தான் போகிறேன். ஐயாவும் எனக்குப் பார்த்தபோது சொன்னார்கள். ரெண்டு இடம் தட்டிப்போனது, உன் அப்பச்சி வீட்டார் சரி என்றார்கள். தட்டிப்போன இடத்தைப் பற்றி இதுவரை ஒருநாளும் வருந்தியதில்லை.

பழைய கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடாதே, படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். லென்ஸைக் கழற்றியதும் அது கொஞ்ச நேரம் மங்கலாகத்தான் தெரியும், பயப்படாதே.

பிள்ளையார் நோன்புக்கு லீவு சொல்லிவிட்டாயா? பல்லவன் ரயிலில் டிக்கெட் சீக்கிரம் போட்டுவிடு. எரிகிற திரியோடு மாவை வாயில் போட்டு இழை எடுக்கும்போது நெருப்புப் பட்டு லென்ஸ் உருகிவிடும் என்று அப்பத்தா உனக்காகப் பயப்படுகிறார்கள். இத்தனை வருஷம் நான் எடுப்பது கண்ணில் படவே இல்லை போலிருக்கிறது. வரும்போது எனக்கு ரெண்டு பாட்டில் சொல்யூஷன் வாங்கி வா. காரைக்குடிக் கடையில் கேட்டால் சாஃப்ட் லென்ஸுக்கு உள்ளதை எடுத்து நீட்டுகிறார்கள். அட்டையில் ரிஜிட் கேஸ் பெர்மியபிள் என்று போட்டிருக்கும், எக்ஸ்பைரி பார்த்து வாங்கு.

அன்புடன்
ஆத்தா