இந்தப் படம் எவ்வளவு பெரிய தாளைத் தாங்கும்? நீங்களே சொல்லிவிடுங்கள்

கைபேசிக் கேமராவுக்கும் வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகளுக்கும் மென்பொருள் எழுதுவோர் அனைவருக்கும்,

வணக்கம். நான் போட்டோ லேபில் படம் அச்சிடுபவன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒரு படம் எந்த அளவுத் தாள்வரை தெளிவாக வரும் என்பதை, அதை வைத்திருப்பவருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். பிரிண்ட் போட வந்த பிறகு நாங்கள் சொன்னால் அதற்குள் காலம் கடந்திருக்கும்.

கைபேசிப் படம் பிரிண்டுக்கு ஆகாது என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 12 மெகாபிக்சல் படம் பெரும்பாலும் 4032×3024 பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்ணிய சதுரங்கள்) இருக்கும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் 13×10 அங்குலம் வரை கூர்மை குறையாது. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 இருந்தாலே போதும் என்பதால், 12×18 கூடத் தைரியமாகப் போடலாம். நல்ல வெளிச்சத்தில், முதன்மை லென்ஸில், ஜூம் செய்யாமல் எடுத்த படம் மெஷினிலிருந்து வெளியே வரும்போது பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும். கேமரா தன் வேலையைச் செய்துவிடுகிறது. அதற்கும் தாளுக்கும் நடுவில்தான் படம் கெடுகிறது.

இறந்துபோன தாயின் முகத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி மகனோ மகளோ வருவார்கள். எடுத்த கைபேசி பழுதாகிப் போயிருக்கும். கையில் இருப்பது யாரோ அனுப்பி, அதை இன்னொருவர் ஃபார்வர்டு செய்த பிரதி. செய்திச் செயலிகளில் வழக்கமான தரத்தில் அனுப்பிய படத்தின் நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதை 12×18 ஆக்கினால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது. போதாக்குறைக்கு, படக் கோப்பைச் சிறிதாக்கும் ஜேபெக் சுருக்கம் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் வேலை செய்கிறது. சுருக்கம் கூடும்போது அந்தக் கட்டங்கள் கன்னத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். "போனில் இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே!" என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

பதில் திரையில் இருக்கிறது. 1080 பிக்சல் அகலமுள்ள திரையில் நிமிர்ந்த படம் ஒன்று முழுதாகத் தெரியும்போது, அது 1080×1440, அதாவது சுமார் 15 லட்சம் பிக்சலில்தான் தெரிகிறது. மூலப் படத்தில் இருப்பதோ ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். சுருங்கிய பிரதியில் 19 லட்சம். இரண்டுமே அந்தத் திரைக்கு மிஞ்சியவை என்பதால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. தாளில் மட்டும்தான் பிடிபடும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றை மனிதர்கள் தாங்களாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் சரி? பிக்சல் கணக்கு உங்கள் மென்பொருளுக்கு அந்த நொடியிலேயே தெரியும்.

வாட்ஸ்அப் 2023இல் எச்டி தரத்தில் அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் அது வந்தபோது இயல்பாக இருந்தது வழக்கமான தரம்தான். எச்டி வேண்டுமென்றால் நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் மூலம் அப்படியே போகும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜூமும் இப்படித்தான். லென்ஸ் உதவியில்லாமல் 4 மடங்கு இழுத்தால், ஒளியைப் பதியும் சென்சாரில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. 12 மெகாபிக்சல் முக்கால் மெகாபிக்சல் ஆகிவிடும். மீதியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. கோப்பின் அளவைப் பார்த்தால் 4032×3024 என்றே இருக்கும், நாங்களும் ஏமாந்துபோகிறோம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் விழும் மணல் போன்ற புள்ளிகளை நீக்குகிறேன் என்று தோலை மெழுகாக்கி, முடியை ஒரே தீற்றலாக்கிவிட்டு, பிறகு ஓரங்களில் கூர்மையை ஏற்றுகிறீர்கள். சிறிய திரையில் அது பளிச்சென்று இருக்கும். பெரிய தாளிலோ தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும். கொஞ்சம் புள்ளி இருந்தால் தாளில் அது உறுத்தாது, முகம் முகமாக இருக்கும். அழித்த விவரத்தை எங்களால் மீட்கவே முடியாது. மென்மையாகச் செயலாக்கும் ஒரு தெரிவை, ரா கோப்பை (கேமரா பதிந்ததைப் பெரிதாகச் செயலாக்காமல் வைத்திருக்கும் கோப்பு) தொடத் தெரியாதவரும் எளிதாக எடுக்கும்படி வையுங்கள்.

பிரகாசத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரை தானே ஒளிரும், தாள் ஒளிராது. அதனால் அச்சு பெரும்பாலும் சற்று இருண்டே தோன்றும். 4:3 படத்தை 4×6 தாளில் நிரப்பும்போது ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படுவதும் பலருக்குத் தெரியாது. கிடையாக எடுத்த குழுப் படத்தில் பின்வரிசையில் நிற்பவருடைய தலைதான் அதில் போகும். கேமராத் திரையில் அந்தத் தாளின் 3:2 விகிதத்துக்கு மெல்லிய வழிகாட்டிக் கோடு இருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

நான் கேட்பது இதுதான். கேலரியில் படத்தின் விவரத்தைத் திறந்தால் "8×10 வரை தெளிவாக அச்சாகும்" என்று ஒரு வரி வரட்டும். ஜூம் செய்யும்போது அந்த எண் குறைவது கண்முன் தெரியட்டும். அனுப்பும் முன் "இந்தப் பிரதி 4×5 வரைதான் தாங்கும், மூலத்தை அனுப்பவா?" என்று செயலி கேட்கட்டும். படம் வந்து சேர்ந்தவருக்கும், அது சுருங்கிய பிரதி என்ற குறிப்பு தெரியட்டும். அப்போதுதான் எடுத்தவரின் கைபேசியில் மூலம் இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
படம் அச்சிடும் தொழிலாளி ஒருவன்