மழுங்கிய பிளேடை அரத்தால் தேய்க்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கும் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். படங்களும் அருமை. ஆனால், பனிக்கட்டியில் துளை போடும் ஆகரின் பிளேடு மழுங்கினால் அரத்தால் இரண்டு தேய்ப்புத் தேய்த்துக்கொள்ளலாம், அப்படியும் வெட்டாவிட்டால் புதிது வாங்கிவிடலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. அந்த வரியைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை. அந்த இரண்டு தேய்ப்புத்தான் நல்ல பிளேடைக் கெடுக்கிறது.

சிங்கப்பூரின் ஈசூனில் உட்கார்ந்துகொண்டு இவருக்கு எதற்கு இந்தக் கவலை என்று கேட்பீர்கள். செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் கருவியறை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரும்பில் துளை போடும் துரப்பண முனைகளுக்குச் (டிரில் பிட்) சாணை பிடிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. என் மகள் குடும்பம் கனடாவில், ஒன்டாரியோவின் சிம்கோ ஏரிக்கு அருகில் இருக்கிறது. மருமகனுக்குக் குளிர்காலம் வந்தால் ஏரிதான் வீடு. இங்கே வரும்போது ஆகரின் பிளேடுகளை மட்டும் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார். "மாமா, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்பார். அப்படித்தான் இந்த விஷயம் என் கைக்கு வந்தது.

இரும்பைத் துளைத்தாலும் ஐஸைத் துளைத்தாலும் கணக்கு ஒன்றுதான். கூர் மட்டும் இருந்தால் போதாது. கூருக்குப் பின்னால் இருக்கும் முகம் கொஞ்சம் ஒதுங்கி, சரிந்து இருக்க வேண்டும். பட்டறையில் இதைக் கிளியரன்ஸ் என்போம். சாதாரணத் துரப்பண முனையில் உச்சிக் கோணம் 118 பாகை என்றால், இந்தப் பின்சரிவு சுமார் 8 முதல் 12 பாகை இருக்கும். அது இல்லாவிட்டால் முனை எவ்வளவு கூராக இருந்தாலும் முதுகுதான் முதலில் இரும்பில் உட்காரும். கீச்சென்று கத்தும், புகையும், ஆனால் இறங்காது. ஆகரும் அப்படியே. அரத்தைக் கையில் பிடித்து இழுக்கும்போது கை ஆடும். ஆடினால் விளிம்பு உருண்டுபோகும், அந்தப் பின்சரிவும் கூடவே போய்விடும். விரலால் தொட்டுப் பார்த்தால் கூராகத்தான் தெரியும். ஏரியில் வைத்துச் சுற்றினால் அது பாட்டுக்கு ஐஸ் மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும். மேலே ஏறிப் படுத்து அழுத்தினாலும் பயனில்லை.

இது வெறும் கைவலி விஷயமும் இல்லை. உறைந்த ஏரியில் நடந்து போகத் தெளிந்த, திடமான ஐஸ் குறைந்தது 10 செ.மீ. கனம் வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கனத்தைப் போகப் போக அங்கங்கே துளை போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு துளைக்கே தோள்பட்டை விட்டுப்போனால் அடுத்த துளையை யார் போடப்போகிறார்கள்?

சரி, எப்படித்தான் தீட்டுவது? நேரான விளிம்புள்ள வழவழப்பான பிளேடு என்றால் வீட்டிலேயே செய்யலாம். கழற்றுவதற்கு முன் எந்தப் பக்கம் எது என்று குறித்து வையுங்கள். தண்ணீர் ஊற்றித் தீட்டும் கல் போதும். பிளேடின் சரிந்த முகம் முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். கல்லில் வைத்து லேசாக ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். மை முகம் முழுக்க ஒரே சீராக அழிந்திருந்தால் ஆலை வைத்த கோணத்தில்தான் பிடித்திருக்கிறீர்கள். விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். பின்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் சாய்த்துவிட்டீர்கள். கை பழகும் வரை திரும்பத் திரும்ப மை பூசிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

விளிம்பின் நீளம் முழுக்க மறுபுறம் மெல்லிய பிசிறு எழுந்ததும் நிறுத்திவிடலாம். தட்டையான முகத்தைக் கல்லில் படுக்க வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும். அந்த முகத்தை அதற்குமேல் தேய்க்கக் கூடாது. அப்புறம் பிளேடை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளிம்பில் எங்காவது வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கல்தான். கூரான விளிம்பு கண்ணுக்கு ஒளி காட்டாது. சோதிப்பதற்கு, குறை நினைக்காதீர்கள், உங்கள் பத்திரிகைத் தாளையே வெட்டிப் பார்க்கிறேன். இரண்டு பிளேடு என்றால் இரண்டையும் ஒரே அளவு தீட்ட வேண்டும். ஒன்று தூக்கலாக இருந்தால் வேலை முழுவதும் அதன் தலையில் விழும், ஆகர் ஆட்டம் போடும்.

வேகமாகச் சுற்றும் மின்சாரச் சாணைச் சக்கரத்தில் கொடுக்கவே வேண்டாம். எஃகு சூடாகி விளிம்பில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் தங்காது. கத்திக்குச் சாணை பிடிக்கும் கடைக்கு எடுத்துப்போனாலும் முதலில் தண்ணீர்க் கல்லா, உலர்ந்த சக்கரமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பல் பல்லாக இருக்கும் பிளேடுகளையும், ஃபின்லாந்து ஆகர்கள் சிலவற்றில் வரும் வளைந்த பிளேடுகளையும் வீட்டில் தொடக் கூடாது. அங்கே கட்டுரையாளர் சொன்னது சரி, மாற்றுப் பிளேடு வாங்குவதுதான் வழி.

உண்மையில் சுத்தமான ஐஸ் பிளேடை அவ்வளவு சீக்கிரம் மழுங்கடிப்பதில்லை. மழுங்கடிப்பது மணல். கரையோர ஐஸில் மண் கலந்திருக்கும். ஆழமில்லாத இடத்தில் துளைத்தால் ஐஸ் முடிந்த வேகத்தில் பிளேடு அடிச்சரளையில் போய் இடிக்கும். கார் நிறுத்துமிடத்தில் உறையைக் கழற்றிவிட்டுத் தரையில் சாய்த்து வைப்பவர்களும் உண்டு. ஒட்டிய ஐஸை உதிர்க்க ஆகரை எதிலாவது டமார் என்று தட்டுவது இன்னொரு கெட்ட பழக்கம். கடுங்குளிரில் மெல்லிய விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும்.

நம் ஊரில் எதிரி வேறு. இங்கே காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஸ்டோர் ரூமில் வைத்த பிளேடு ஒரு துளைகூடப் போடாமலேயே மழுங்கும். துரு முதலில் தின்பது மெல்லிய விளிம்பைத்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையை மாட்டியே வைப்பார்கள், அதற்குள் தங்கிய ஈரம்தான் வினை. உறையைக் கழற்றி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு பூச்சு பூசி வைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அதுவே உறைந்துவிடும், ஏரியில் போய் அதைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிளேடு நல்ல நிலையில் இருக்கிறதா என்று துளையிலிருந்து வரும் ஐஸே சொல்லிவிடும். உணவங்காடி நிலையத்தில் ஐஸ் கச்சாங் (சீவிய ஐஸ் இனிப்பு) வாங்குகிறவர்களுக்குப் பழகிய அடையாளம்தான் அது. இயந்திரத்தின் பிளேடு கூராக இருந்தால் ஐஸ் சீவல் சீவலாக விழும். ஆகரிலும் சீவலாக வந்தால் நல்லது, மாவு மாதிரி வந்தால் பிளேடைக் கழற்றுங்கள்.

கொரியாவின் ஹுவாச்சோன் பனி விழாவுக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் படித்துப் பயப்பட வேண்டாம். அங்கே துளைகளை முன்பே போட்டு வைத்திருப்பார்கள், தூண்டிலோடு போனால் போதும். சொந்த ஆகரோடு கனடாவுக்கோ ஃபின்லாந்துக்கோ போகிறவர்கள் பிளேடுகளைக் கழற்றி, தடித்த அட்டையில் சுற்றி, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கைப்பையில் வைத்தால் சாங்கி சோதனையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். மின்கலத்தில் ஓடும் ஆகர் என்றால் நேர்மாறு: கழற்றிய மின்கலம் கைப்பையில்தான் போக வேண்டும். அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்கு (Wh) மேற்பட்டது என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். 160ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டறை ஊழியர்,
ஈசூன்